மலிவான மின்சாரத்தின் நேரம் மாறிவிட்டது

அரிசிக்கும் வெங்காயத்துக்கும் விலை நாளுக்கு நாள் மாறும் என்பது நமக்குத் தெரியும். மின்சாரத்தின் விலையோ பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. மின் சந்தையில் ஒரு நாள் 96 காலக்கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை முடிவாகிறது. ஆனால், நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மீட்டருக்கு இந்தச் செய்தி எட்டுவதில்லை. நண்பகலில் செலவான யூனிட்டும் இரவு எட்டு மணிக்குச் செலவான யூனிட்டும் அதற்கு ஒன்றுதான்.

பாபநாசத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், இரவில் மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேமித்துப் பகலில் வீட்டுக்குப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார்களாம். "நாமும் ஒரு பேட்டரி வாங்கி வைத்துவிடலாமா, சார்?" என்பதுதான் கேள்வி. பொருளியல் கற்பித்தவனுக்கு இதற்கான விடை தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இன்றைய நிலையில் வேண்டாம் என்பதே என் விடை. ஆனால், அந்தக் கேள்விக்குள் தமிழ்நாடு முழுவதும் விவாதிக்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. மலிவான மின்சாரம் இப்போது எந்த நேரத்தில் கிடைக்கிறது? அந்த மலிவின் பலன் யாரைச் சென்று சேர்கிறது?

களஞ்சியம் சொல்லும் கணக்கு

சேமிப்பின் பொருளியலைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்தைச் சேர்ந்த செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பர். காவிரிப் படுகையில் விளைச்சல் ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. தை, மாசியில் சம்பா நெல் களத்தில் குவியும். அப்போது விலை இறங்கும். ஆடி, ஆவணியில் நெல் அரிதாகும், விலை ஏறும். மிகுந்த காலத்தில் வைத்திருந்து, குறைந்த காலத்தில் எடுப்பதற்காகத்தான் களஞ்சியம்.

ஆனால், களஞ்சியம் கட்டுவதற்குச் செலவு உண்டு. காவலுக்குச் செலவு உண்டு. எலி தின்பதும் ஈரத்தில் கெடுவதும் உண்டு. அறுவடைக்கால விலைக்கும் பஞ்சகால விலைக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் செலவுகள் அனைத்தையும் ஈடுகட்டினால்தான் சேமிப்பு லாபம். இல்லையென்றால் அறுத்த அன்றே விற்றுவிடுவது நல்லது. மின்சாரத்துக்கும் இதே விதிதான். பேட்டரிதான் களஞ்சியம், ஏற்றி இறக்கும்போது வெப்பமாக வீணாகும் மின்சாரம்தான் எலி தின்னும் பங்கு.

இரவு மின்சாரம் மலிவாக இருந்த காலம்

இரவில் மின்சாரம் மலிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நிலக்கரி அனல்மின் நிலையத்தின் கொதிகலனை இரவில் அணைத்துவிட்டுக் காலையில் மீண்டும் மூட்டுவது கடினம், செலவும் மிகுதி. அணுமின் நிலையம் இரவும் பகலும் ஒரே சீராக ஓடும். ஊர் உறங்கியபின் தேவை குறைகிறது, உற்பத்தி குறைவதில்லை. அந்த உபரியை எப்படியாவது விற்றாக வேண்டும்.

இங்கிலாந்தில் 1978-இல் 'எகானமி 7' என்ற கட்டண முறை வந்தது இப்படித்தான். இரவில் ஏழு மணி நேரம் குறைந்த கட்டணம். அந்த மின்சாரத்தைக் கொண்டு செங்கற்களைச் சூடாக்கி வைத்து, பகலில் அந்த வெப்பத்தால் அறையைக் கதகதப்பாக்கும் சாதனங்கள் பல்லாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்டன. பேட்டரி வருவதற்கு வெகுகாலம் முன்பே, மலிவு நேர மின்சாரம் வீடுகளில் வெப்பமாகச் சேமிக்கப்பட்டது.

தமிழ்நாடும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. மின் வரலாற்றில் பாபநாசம் என்றால் தாமிரபரணிக் கரையில் உள்ள பாபநாசம்தான் நினைவுக்கு வரும்; அங்கே 1944-ஆம் ஆண்டு முதல் நீர்மின் நிலையம் இயங்குகிறது. குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் பாபநாசமோ சமவெளி. நீரை உயரத்தில் தேக்க இங்கே இடமில்லை. ஆனால், ஆனைமலையில் இடம் இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் அங்கே காடம்பாறை நீரேற்று மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இரவு உபரி மின்சாரத்தால் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து காடம்பாறை அணைக்கு நீரை ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அந்த நீரை இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அது. மலையே பேட்டரி, நீரே சேமிப்பு.

ஆக, பிள்ளைகள் சொல்லும் யோசனை புதியதன்று. தவறானதும் அன்று. ஆனால் இரவில் உபரி, பகலில் பற்றாக்குறை என்ற ஓர் உலகத்துக்குப் பொருந்திய யோசனை அது.

வீட்டுக் கட்டணம் எப்படி இருக்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் 'எப்போது' என்று கேட்பதில்லை. 'எவ்வளவு' என்றே கேட்கிறது. இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் 2016 முதல் இலவசம். அதன்பின் அடுக்கடுக்காகக் கட்டணம் ஏறுகிறது. 200 யூனிட்டுக்கு மேல் ஒரு யூனிட் ஏறக்குறைய ஐந்து ரூபாய். 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல். 1,000-ஐத் தாண்டினால் பதினொரு ரூபாய்க்கு மேல். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் கூடுதல் சலுகையும் போய்விடுகிறது.

இந்த முறையில் இரவில் சேமித்துப் பகலில் பயன்படுத்துபவருக்கு என்ன நடக்கும்? ஒரு வீடு இரண்டு மாதத்தில் 480 யூனிட் செலவிடுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டைப் பேட்டரி வழியாக எடுத்துப் பயன்படுத்தினால், அறுபது நாளில் 120 யூனிட். பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கை வீணாக்கினால், 120 யூனிட் கிடைக்க 150 யூனிட் ஏற்ற வேண்டும். 30 யூனிட் கூடுதல் செலவு. 480 இப்போது 510 ஆகிறது. வீடு அடுத்த அடுக்குக்குள் நுழைகிறது. சேமிக்கப் போனவர் கூடுதல் கட்டணம் செலுத்துவார்.

தொழிற்சாலைகளுக்கோ நேரக் கணக்கு உண்டு. உயரழுத்தத் தொழிற்சாலைகள் காலை 6 முதல் 10 வரையிலும் மாலை 6 முதல் 10 வரையிலும் எடுக்கும் மின்சாரத்துக்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் செலுத்துகின்றன. இரவு 10 முதல் அதிகாலை 5 வரை எடுத்தால் 5 விழுக்காடு தள்ளுபடி. இந்தத் தள்ளுபடி எந்த நேரத்துக்குத் தரப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். இரவுக்கு! நண்பகலுக்கு எதுவும் இல்லை. மாநிலத்தின் கட்டணக் கடிகாரம் இன்னும் பழைய உலகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

நண்பகலில் உபரி, மாலையில் தட்டுப்பாடு

உண்மை நிலவரம் மாறிவிட்டது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தபோது அது ஓர் அதிசயமாகப் பார்க்கப்பட்டது. இன்று மாநிலத்தின் சூரிய மின் திறன் 9,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. மாநிலத்தின் உச்ச மின்தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், வெயில் நேரத்தில் சூரிய ஒளி எவ்வளவு பெரிய பங்கைச் சுமக்க முடியும் என்பது புரியும். சூரியன் சாய்ந்ததும் அந்தப் பங்கு ஒரு மணி நேரத்துக்குள் மறைகிறது. அதே நேரத்தில்தான் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனம் எல்லாம் வீடுகளில் இயங்கத் தொடங்குகின்றன. பகலில் பள்ளமாகவும் மாலையில் செங்குத்தாகவும் எழும் இந்தத் தேவைக் கோட்டை, அதன் உருவத்தைப் பார்த்து 'வாத்து வளைவு' என்று கலிஃபோர்னியா மின் பொறியாளர்கள் 2013-இல் அழைத்தார்கள். அந்த வாத்து இப்போது நம் ஊருக்கும் வந்துவிட்டது.

இந்திய மின் சந்தையின் விலையும் இதையே காட்டுகிறது. வெயில் மிகுந்த நாட்களில் நண்பகல் விலை யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்குகிறது. மாலையில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பான பத்து ரூபாயைத் தொடும் நாட்கள் உண்டு. மலிவு நேரம் நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

பிற நாடுகள் இதை உணர்ந்து தங்கள் கட்டணத்தைத் திருத்துகின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2020 முதல் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை குறைந்த மின்தடக் கட்டணம். நண்பகல் வெயிலை உறிஞ்சும் பஞ்சு என்ற பொருளில் அதற்கு 'சோலார் ஸ்பாஞ்ச்' என்று பெயர். பல பத்தாண்டுகளாக இரவு மலிவுக் கட்டணத்தில் வெந்நீர்த் தொட்டிகளைச் சூடாக்கிவந்த பிரான்ஸ், 2025 நவம்பரிலிருந்து அந்த மலிவு நேரத்தின் ஒரு பகுதியைப் படிப்படியாகப் பிற்பகலுக்கு மாற்றுகிறது.

இந்திய அரசும் விதி வகுத்துவிட்டது. 2023 ஜூன் மாதம் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளின்படி, வெயில் நேரமாக அறிவிக்கப்படும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். விவசாயம் தவிர்த்த அனைவருக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது விதி. ஆனால், நேரத்தைப் பிரித்து அளக்க ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீட்டு இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பழைய மீட்டரே இருக்கிறது. விதி வந்துவிட்டது, அதை அளக்கும் கருவி வரவில்லை.

பேட்டரிக் கணக்கு

சரி, நாளையே ஸ்மார்ட் மீட்டர் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது வீட்டில் பேட்டரி வைப்பது லாபமா?

நம் வீடுகளில் இன்வெர்ட்டரோடு இருக்கும் 150 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். அதைக் கெடுக்காமல் நாள்தோறும் எடுக்கக்கூடியது ஏறக்குறைய ஒரு யூனிட். விலை 15,000 ரூபாய் என்றும் 1,200 முறை ஏற்றி இறக்கலாம் என்றும் கொண்டால், ஒரு யூனிட்டைச் சேமிக்க ஆகும் செலவு மட்டும் 12 ரூபாய் 50 காசு. மின்சாரத்தின் விலை தனி.

லித்தியம் பேட்டரி மேலானது. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 20,000 ரூபாய் என்றும் பத்து ஆண்டுகள் நாள்தோறும் உழைக்கும் என்றும் கொண்டால், யூனிட்டுக்கு ஐந்தரை ரூபாய். அந்தப் பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டியையும் சேர்த்தால் ஏழு ரூபாயைத் தாண்டும்.

இனி கட்டண வித்தியாசத்தைப் பார்ப்போம். மத்திய விதியின் குறைந்தபட்ச அளவில், ஐந்து ரூபாய் யூனிட் நண்பகலில் நான்கு ரூபாய், மாலையில் ஐந்தரை ரூபாய். வித்தியாசம் ஒன்றரை ரூபாய். மிக உயர்ந்த அடுக்கில் கட்டுபவருக்குக்கூட வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை ரூபாய்தான். ஒன்றரை ரூபாய்க்காக ஏழு ரூபாய் செலவழிக்கும் களஞ்சியத்தை யாரும் கட்ட மாட்டார்கள்.

அதே வேளையில், மின் சந்தையின் வித்தியாசத்தைப் பாருங்கள். நண்பகலில் இரண்டு ரூபாய், மாலையில் பத்து ரூபாய் என்றால், எட்டு ரூபாய். மொத்தமாக வாங்கும்போது பேட்டரியின் விலையும் குறைவு. ஆக, பேட்டரி லாபம் தரும் இடம் வீட்டுக் கூடம் அல்ல; துணைமின் நிலையம். களஞ்சியத்தை ஒவ்வொரு வீட்டிலும் கட்டாமல் ஊருக்குப் பொதுவாகக் கோயிலில் கட்டியதற்கும் இதே காரணம் பொருந்தும். மாநிலத்தில் பேட்டரி சேமிப்பு நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டிருப்பது சரியான திசை. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் இத்தனை ஆண்டுகள் இழுபட்டிருப்பதுதான் வருத்தம்.

செலவில்லாத சேமிப்பு

பேட்டரி லாபமில்லை என்பதால் வீடுகளுக்கு இதில் பங்கே இல்லை என்று பொருளல்ல. நம் வீடுகளில் ஏற்கெனவே சேமிப்புக் கிடங்குகள் இருக்கின்றன. அவற்றை நாம் அப்படிப் பார்ப்பதில்லை.

மேல்நிலைத் தொட்டி ஒரு சேமிப்பு. மாலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போடுவதற்குப் பதில் பிற்பகல் ஒரு மணிக்குப் போட்டால் அதே தண்ணீர்தான் இரவுக்கும் இருக்கும். இது காடம்பாறையின் சிறு வடிவம். கிரைண்டரில் அரைத்த மாவு ஒரு சேமிப்பு. அரைப்பது நண்பகலில், இட்லி மறுநாள் காலையில். துவைப்பது, துணி தேய்ப்பது, இருசக்கர மின் வாகனத்துக்கு மின்னேற்றுவது, இவை யாவும் நேரத்தை மாற்றிக்கொள்ளக் கூடியவை. இதற்கு முதலீடு இல்லை. இழப்பும் அநேகமாக இல்லை. எனவே ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் அது முழுவதும் ஆதாயம்.

ஒரு வீட்டுக்கு இதனால் கிடைப்பது பெரிய தொகையாக இருக்காது. நாளொன்றுக்கு மூன்று யூனிட்டை நண்பகலுக்கு மாற்றினாலும், யூனிட்டுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடியில் இரண்டு மாதத்துக்கு 180 ரூபாய். ஆனால் மாநிலத்தின் கணக்கு வேறு. ஒரு கோடி வீடுகள் மாலை நான்கு மணி நேரத்தில் செலவிடும் மின்சாரத்தில் அரை யூனிட்டை மட்டும் நண்பகலுக்கு மாற்றினால், மாலைத் தேவை 1,250 மெகாவாட் குறையும். மூன்று காடம்பாறை நிலையங்களுக்குச் சமம் இது. அணை வேண்டாம், நிலம் கையகப்படுத்த வேண்டாம்; மக்களுக்குக் காரணத்தைச் சொல்லி, பலனில் பங்கு கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். இரண்டு விசிறிகளை மாற்றினால் பத்து மணி நேர இரவில் 0.9 யூனிட் மிச்சம். இதற்குச் செலவு ஆறாயிரம் ரூபாய் அளவில். 15,000 ரூபாய் ஈய-அமில பேட்டரி தருவதும் ஏறக்குறைய அந்த ஒரு யூனிட்டைத்தான். அதுவும் ஏறக்குறைய மூன்றேகால் ஆண்டுகளுக்கு மட்டும். தேவைப்படாத யூனிட்டை யாரும் சேமித்துவைக்க வேண்டியதில்லை.

மாடியில் சூரியத் தகடு பொருத்தியவர்களுக்கு நிகர அளவீட்டு முறையில் மின்வாரியமே பேட்டரியாக இருக்கிறது. நண்பகலில் கொடுத்த யூனிட்டை இரவில் அப்படியே திருப்பி எடுத்துக்கொள்ளலாம். 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் கிடைக்கிறது. சொந்தமாக மாடி உள்ளவர்களுக்கு நல்ல வாய்ப்பு. ஆனால், இரண்டு ரூபாய்ப் பொருளைக் கொடுத்துப் பத்து ரூபாய்ப் பொருளை வாங்கும் இந்தப் பண்டமாற்றின் செலவை, மாடி இல்லாதவர்களும் சேர்ந்தே சுமக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

நண்பகலில் வீட்டில் இருப்பது யார்?

நேரவாரிக் கட்டணத்தில் என் மனத்தை உறுத்தும் பகுதி இதுதான். நண்பகலில் மோட்டாரையும் கிரைண்டரையும் போட வீட்டில் ஆள் இருக்க வேண்டும். என்னைப் போன்ற ஓய்வூதியர் இருக்கிறார். பணியாள் வைத்திருக்கும் வீடு இருக்கிறது. தானாக இயங்கும் சாதனங்களை வாங்க வசதியுள்ள வீடு இருக்கிறது. ஆனால் பாபநாசத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களும், கும்பகோணத்துக் கடைகளில் வேலை செய்பவர்களும் வீடு திரும்புவதே மாலையில்தான். அவர்கள் சமைப்பதும், பிள்ளைகள் படிப்பதும், விசிறிக்குக் கீழே உட்காருவதும் உச்ச நேரத்தில்தான். நேரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்கள் கையில் இல்லை. மாற்ற முடியாதவரிடம் மாற்றாததற்கு அபராதம் வாங்குவது நியாயமாகாது.

அண்டை மாநிலமான கேரளம் இதில் ஒரு வழி காட்டியிருக்கிறது. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகளுக்கே அங்கு நேரவாரிக் கட்டணம். பகல் 6 முதல் மாலை 6 வரை 10 விழுக்காடு குறைவு. மாலை உச்ச நேரத்தில் 25 விழுக்காடு கூடுதல். குறைவாகச் செலவிடும் வீடுகளை அந்தச் சுமை தொடுவதில்லை. தமிழ்நாட்டுக்கு ஏற்ற அளவை நாம் தீர்மானிக்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு வேலி அவசியம்.

வயல்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு 1990 முதல் இலவச மின்சாரம். ஆனால் நெடுங்காலம் மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று முறைவைத்து வந்தது. நள்ளிரவில் கைவிளக்கோடு வரப்பில் நடந்து பம்புசெட்டைப் போட்டவர்கள் பாம்புக்கு அஞ்சியபடியேதான் நடந்தார்கள். பகல் மின்சாரம் மிக மலிவாகிவிட்ட இன்று, வயலுக்கான மின்சாரம் முழுவதும் வெயில் நேரத்திலேயே தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும். குஜராத் 2020-இல் இதற்கென்றே பகல்நேர மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. நண்பகலில் பாய்ச்சிய நீர் இரவிலும் வயலில் நிற்கும். நெல் வயலைவிடப் பெரிய சேமிப்பு டெல்டாவில் வேறில்லை.

இன்வெர்ட்டரின் உண்மையான விலை

அப்படியானால் வீட்டில் பேட்டரியே வேண்டாமா? வேண்டும், வேறொரு காரணத்துக்காக. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தை டெல்டா மறக்கவில்லை. அப்போதுதான் இன்வெர்ட்டர் நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுப் பொருளாயிற்று. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபின், பட்டுக்கோட்டையிலும் வேதாரண்யத்திலும் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்த ஊர்கள் உண்டு. உயிர்காக்கும் மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருப்பவருக்கும், மூச்சுக்கருவி தேவைப்படும் முதியவருக்கும் அந்த ஒரு யூனிட்டின் மதிப்பு பன்னிரண்டு ரூபாய் அல்ல. அதற்கு விலையே கூற முடியாது.

எனவே பேட்டரியைக் காப்பீடாகக் கருதி வாங்குங்கள். கட்டணத்தை மிச்சப்படுத்தும் கருவி என்று எண்ணி வாங்காதீர்கள். இரண்டையும் குழப்பி விற்பவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: உண்மையில் எடுக்கக்கூடிய யூனிட் எவ்வளவு, எத்தனை முறை ஏற்றி இறக்கலாம், என் கட்டணத்தில் நேர வித்தியாசம் எவ்வளவு. மூன்றாவது எண் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இன்று பூஜ்யம்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் பிறப்பித்த பல்லாண்டுக் கட்டண ஆணை 2026-27 வரைக்குமானது. அடுத்த ஆணை எழுதப்படும் நேரம் நெருங்கிவிட்டது. அதில் நான்கு செய்திகள் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் நண்பகல் தள்ளுபடியாகவே தொடங்க வேண்டும். மக்கள் முதலில் பலனைக் காணட்டும். ஸ்மார்ட் மீட்டர் என்றாலே கட்டணம் ஏறும் என்ற அச்சம் பரவியிருக்கும்போது, அபராதத்தோடு தொடங்குவது திட்டத்தையே கெடுத்துவிடும்.

இரண்டாவது, 100 யூனிட் இலவசம் தொடர வேண்டும். இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட்டுக்குள் செலவிடும் வீடுகளிடம் மாலைக் கூடுதல் கட்டணத்தை வாங்கக் கூடாது. விதியின்படி கணக்கிட்டாக வேண்டும் என்றால், அந்தத் தொகையை அரசு மானியமாக ஏற்கட்டும். மாலை நேரத்திலும் குளிர்சாதனங்களை இயக்க வசதியுள்ள வீடுகள் அதற்குரிய விலையைத் தரலாம்.

மூன்றாவது, தொழிற்சாலைகளுக்கான தள்ளுபடி இரவிலிருந்து நண்பகலுக்கு நகர வேண்டும். பெரிய அளவில் நேரத்தை மாற்றக்கூடியவர்கள் அவர்களே.

நான்காவது, பேட்டரி வைக்க அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் துணைமின் நிலையங்களுக்கும், அதன்பின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் போக வேண்டும். வசதியுள்ளவரின் கூடத்தில் வைக்கும் பேட்டரிக்கு மானியம் கடைசியில் வரட்டும்.

இவை எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஆணையம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் தொழில் அமைப்புகளும் மின் நிறுவனங்களும் தவறாமல் பேசுகின்றன. வீட்டு நுகர்வோர் பக்கம் குரல் குறைவு. மலிவான நேரம் நண்பகலுக்கு வந்துவிட்டது. அந்த மலிவு நம் வீட்டு மின் கட்டணத்திலும் தெரிய வேண்டும் என்று கேட்பது சலுகை கோருவது ஆகாது. கணக்கைச் சரியாக எழுதச் சொல்வதுதான். அடுத்த கூட்டம் அறிவிக்கப்படும்போது அதைக் கேட்க நாம் போக வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), பாபநாசம்.